எங்கள் பழைய இரும்பு யார்டு கேட் அணுகுண்டை எண்ணுமா?

பிப்ரவரி 7 (மாரிட்ஸ்பர்க் அக்காவின் கேள்வி)

"அணுகுண்டுகளுக்கு வரம்பு கட்டிய நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் நாளைக்கே புதிதாக ஒன்றில் கையெழுத்துப் போட்டாலும், குண்டைக் குறைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? டர்பன் இரும்பு யார்டில் கதிர்வீச்சு கேட் பார்க்கிற தம்பி நம் குழுவிலேயே இருக்கிறாரே. அந்த மாதிரி ஒரு கேட்டை ஆயுதக் கிடங்கு வாசலில் நட்டுவைத்தால் ஆகாதா?"

பிப்ரவரி 7, இரவு

ஆகும் அக்கா. பழைய இரும்போடு கதிரியக்கப் பொருள் கலந்து வந்துவிடாமல் பிடிக்கிற எங்கள் கேட் என்பது இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தூண், உள்ளே கதிர் பட்டால் மினுக்குகிற பிளாஸ்டிக் பலகை, நியூட்ரானுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். லாரி நடை வேகத்தில் நடுவே போக வேண்டும், வழக்கமான பின்னணியைவிட எண்ணிக்கை ஏறினால் சிவப்பு விளக்கு, சைரன், என் டீ ஆறிப்போகும். பதினாலு வருஷமாக இதுதான் வேலை.

ஒரு தடவை ஆளே மாட்டினார். காலி லாரி, ஒரு துண்டு இரும்புகூட இல்லை, சைரன் மட்டும் நிற்காமல் அடிக்கிறது. டிரைவர் இறங்கித் தள்ளிப் போனால் நிற்கிறது, திரும்ப ஏறினால் அடிக்கிறது. கடைசியில் பார்த்தால் அன்றைக்குக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் எடுத்திருக்கிறார், உடம்பு முழுக்க டெக்னீசியம், ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றுகிற கதிரியக்கப் பொருள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, அவருக்கு இல்லை. ஒரு மனுஷன் ரத்தத்தில் ஓடுவதையே பிடிக்கிற கேட், அணுகுண்டைக் கோட்டை விடுமா என்ன.

பிப்ரவரி 8, காலை

நேற்று எழுதியதில் முக்கால்வாசியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். படுத்த பிறகுதான் உறைத்தது. நம் நாட்டுக் குண்டையே எங்கள் கேட் கோட்டை விட்டிருக்கும்.

தெரியாதவர்களுக்காக: தென்னாப்பிரிக்காவிடம் முழுசாக ஆறு குண்டு இருந்தது, ஏழாவது அரைகுறையாக. பிரிட்டோரியாவுக்கு மேற்கே வலிண்டாபாவில் செறிவூட்டிய யுரேனியம், ஒரு குண்டுக்குச் சுமார் 55 கிலோ. ஒரு துண்டை இன்னொரு துண்டின் மேல் பீரங்கி மாதிரி சுட்டுச் சேர்க்கிற எளிய வகை. 1990–91இல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, 1991 ஜூலை 10இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஜனாதிபதி டி கிளர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னது 1993 மார்ச் 24இல்.

இதில் சிக்கல், யுரேனியம் ரொம்பச் சாது. குண்டுக்கு வேண்டிய வகையான யுரேனியம்-235 விடுகிற முக்கியமான காமா கதிரின் ஆற்றல் 186 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். அரை மில்லிமீட்டர் ஈயத் தகடு அதைப் பாதியாக்கிவிடும், மூன்று நாலு மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. அதோடு 55 கிலோ கட்டியில் உள்ளே பிறக்கிற கதிரை அந்தக் கட்டியே விழுங்கிக்கொள்கிறது, வெளித்தோல் மட்டும்தான் பேசும். நியூட்ரானாவது வருமா என்றால் கிலோவுக்கு நொடிக்கு ஒன்றிரண்டு. ஆயுதத் தரப் புளூட்டோனியமோ கிலோவுக்கு நொடிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேலே கொட்டும், ஏனென்றால் அதில் கலந்திருக்கிற புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்துகொண்டே இருக்கும். ஆக டிரைவரைப் பிடித்த கேட், ஈயம் சுற்றிய யுரேனியக் குண்டுக்குச் சல்யூட் அடித்து வழி விட்டிருக்கும்.

பிப்ரவரி 8, மாலை

கைகர் கவுண்டர் வைத்தால் போதாதா என்று கேட்ட தம்பிக்கு: கைகர் "டிக்" என்று சொல்லும், எது என்று சொல்லாது. கதவைத் தட்டுகிறார்கள் என்று தெரியும், வந்திருப்பது மாமாவா கடன்காரனா என்று தெரியாது.

பிப்ரவரி 10

யுரேனியத்தின் 186 பற்றி எழுதினேன் இல்லையா, அதில் நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஜோபர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கத்திலிருந்து கழற்றிய குழாய்கள் ஒரு லாரி. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப் பாறையில் யுரேனியமும் சேர்ந்தே இருக்கும், அதன் வழியில் பிறக்கிற ரேடியம் தண்ணீரில் கரைந்து வந்து குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி படிந்துவிடும். சைரன் அடித்தது. அது வழக்கம்தான். கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். வருகிற கதிரை அது ஆற்றல் வாரியாகப் பிரித்துத் திரையில் வரைந்து காட்டும், ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்று சில எண்களில் மேடு எழும், அதைத்தான் கோடு என்போம். சோடியம் அயோடைடு படிகம் உள்ளே, செங்கல் அளவு, மூன்று கிலோ இருக்கும், பிப்ரவரி வெயிலில் கைப்பிடி வழுக்கியது. குழாயின் வாயில் வைத்து இரண்டு நிமிஷம் பிடித்தேன். திரையில் வந்தது: யுரேனியம்-235.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இயற்கை யுரேனியத்தில் 235 வெறும் 0.7 சதவீதம், அது தனியாகத் தலை காட்டுகிறது என்றால் யாரோ செறிவூட்டியது என்று அர்த்தம். லாரியை ஓரம் கட்டி, கயிறு கட்டி, யாரும் கிட்டே வராதே என்று கத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு கையில் பாதி தின்ற பன்னி சௌவோடு (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) வந்தார். திரையைப் பார்த்தார், கீழே தள்ளி 609 பக்கம் காட்டினார். அங்கே ஒரு மலை, 1120இல் ஒரு மேடு, 1764இல் ஒரு மேடு. "பிஸ்மத்-214. ரேடியத்தோட பேரப்பிள்ளை. ரேடியத்துக்கும் 186இல ஒரு கோடு உண்டு, தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, குழம்பு ஒழுகாமல் மீதியைத் தின்று முடித்தார்.

ரேடியத்துக்கு 186.2, யுரேனியத்துக்கு 185.7. என் படிகத்துக்கு இரண்டும் ஒரே முகம். ஜெர்மானியம் கருவி இருந்திருந்தால் பிரித்துக் காட்டியிருக்கும், அது திரவ நைட்ரஜனில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ராஜா, யார்டுக்கு யார் வாங்கித் தருவார்கள்.

பிப்ரவரி 11

ஜோபர்க் தம்பி பிடித்துவிட்டார். அரை கிலோ எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தை ஜெர்மானியத்தாலும் சுத்தமாகப் பிரிக்க முடியாது, அந்த இடத்தில் அதன் கோடே ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலம். சரிதான். ராஜாவுக்கும் அங்கே கண் கட்டும். சூப்பர்வைசர் செய்த மாதிரி கூட வருகிற சொந்தக்காரர்களைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12

"நிஜக் குண்டை யாராவது இப்படி அளந்து பார்த்திருக்கிறார்களா?" என்று அக்கா. பார்த்திருக்கிறார்கள், அதுவும் ரஷ்யக் கப்பலில் அமெரிக்கர்கள். 1989 ஜூலை, கருங்கடல், யால்டா பக்கம், ஸ்லாவா என்ற போர்க்கப்பல். ஏவுகுழாய் ஒன்றில் நிஜ அணுகுண்டு பொருத்திய ஏவுகணை. சோவியத் விஞ்ஞானக் கழகமும் அமெரிக்காவின் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் பேசி முடித்த ஏற்பாடு, அரசாங்கங்கள் ஒரு படி தள்ளித்தான் நின்றன. ஜெர்மானியம் கருவியைக் குழாயின் மேல் வைத்தார்கள். 186இல் யுரேனியம், புளூட்டோனியத்தின் கோடுகள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சோவியத் தரப்பு ஹெலிகாப்டரில் நியூட்ரான் கருவியைக் கட்டிப் பறந்து, சில பத்து மீட்டர் தள்ளி இருந்தே இங்கே குண்டு இருக்கிறது என்றது.

அந்த அளவீட்டில் எனக்குப் பிடித்தது 2614 என்கிற கோடு. அது யுரேனியம்-232 என்கிற அழுக்கின் வழியாக வருகிறது, உலையில் எரிந்து வந்த யுரேனியத்தைத் திரும்பச் செறிவூட்டினால்தான் அந்த அழுக்கு ஒட்டும். அதாவது குண்டு இருக்கிறது என்பது மட்டுமல்ல, குண்டின் ஜாதகமும் வெளியே வந்துவிட்டது. 2614 கனமான கதிர், ஈயத்தைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆனால் அதே 2614 தோரியத்திலிருந்தும் வரும். நான் பிறந்தது மணவாளக்குறிச்சி பக்கம். எங்கள் கடற்கரைக் கறுப்பு மணலில் மோனசைட் என்ற தாது, அதில் தோரியம். சின்ன வயதில் கோட்டை கட்டி விளையாடிய மணல் இங்கே கேட்டுக்குள் வந்தால் சைரன் அடிக்கும். இங்கேயும் ரிச்சர்ட்ஸ் பே பக்கம் அதே சொந்தம்தான், கனிம மணல். 186க்கு ரேடியம், 2614க்கு மணல், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ஆள்மாறாட்டக்காரன் இருக்கிறான்.

பிப்ரவரி 14

இத்தனை நாள் கேள்வியையே தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. நானும் அக்காவும் "கருவி குண்டைக் கண்டுபிடிக்குமா" என்று கேட்டோம். கையெழுத்தான ஒப்பந்தங்களில் கருவிக்குக் கொடுத்த வேலை வேறு.

நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்க அமெரிக்காவும் சோவியத்தும் போட்ட 1987 ஐ.என்.எஃப். ஒப்பந்தத்தில் எஸ்.எஸ்.-20 ஏவுகணையை அழிக்க வேண்டும், எஸ்.எஸ்.-25ஐ வைத்துக்கொள்ளலாம். இரண்டும் உறைக்குள் போனால் வெளியே இருந்து வித்தியாசம் தெரியாது. 20இல் மூன்று குண்டு, 25இல் ஒன்று. அதனால் மூடிய உறையைத் திறக்காமல், சுற்றிலும் நியூட்ரான் கருவியை வைத்து, கதிர் ஒரே இடத்திலிருந்து வருகிறதா பரவலாக வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

நியூ ஸ்டார்ட்டில் இன்னும் சுவாரசியம். ஏவுகணையின் மூக்கைத் திறந்து, துணி போர்த்திய பொருட்களை ஆய்வாளர் எண்ணுவார். "இதில் இரண்டு குண்டு, மூன்றாவது வெறும் டம்மி" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த டம்மியில் நியூட்ரான் வரவில்லை என்று காட்டத்தான் கருவி. குண்டு இருப்பதை நிரூபிக்க அல்ல, இல்லாததை நிரூபிக்க. நாட்டுக்கு 1,550 குண்டு என்ற உச்சவரம்பைக் கருவி எண்ணவே இல்லை. வருஷத்துக்கு 18 ஆய்வு அனுமதி, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை, 2023இல் ரஷ்யா ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. ஆறு வருஷமாக அந்தக் கருவிகள் பெட்டிக்குள் தூங்குகின்றன.

அப்புறம், இல்லை என்று நிரூபிப்பதும் லேசில்லை. வானத்திலிருந்து நியூட்ரான் எப்போதும் தூறிக்கொண்டே இருக்கிறது, ஜோபர்க் உயரத்தில் அது டர்பனைவிட மூன்று நாலு மடங்கு. பெரிய இரும்புக் குவியலில் விண்கதிர் மோதினால் அங்கேயே புதிதாக நியூட்ரான் தெறிக்கும். குவியல் உயர்ந்த மாதங்களில் எங்கள் நியூட்ரான் கணக்கு ஏறுவதைப் பார்த்து முதலில் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 14, பின்னிரவு

இன்னொன்று, தூக்கம் வரவில்லை. நியூட்ரான் பிடிக்கிற குழாயில் அடைப்பது ஹீலியம்-3 என்ற வாயு. அது எங்கிருந்து வருகிறது? குண்டுக்குள் வைக்கிற டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) 12.3 வருஷத்தில் பாதியாகத் தேய்ந்து ஹீலியம்-3 ஆகிறது, அதை வடித்து எடுக்கிறார்கள். குண்டைப் பிடிக்கிற கருவிக்குக் குண்டுதான் தீனி போடுகிறது. சரி, படுக்கிறேன்.

பிப்ரவரி 15

லேடிஸ்மித் அண்ணன் கேட்கிறார்: கருங்கடலில் ஜெர்மானியம் ஜாதகத்தையே சொன்னதென்றால் எல்லா இடத்திலும் அதையே வைத்துவிட வேண்டியதுதானே, எதற்கு இந்த நியூட்ரான் கண்ணாமூச்சி?

அண்ணே, ஜாதகத்தைச் சொல்வதுதான் வம்பே. எவ்வளவு புளூட்டோனியம், என்ன கலவை, மேலே என்ன போர்த்தியிருக்கிறது என்று நிறமாலையை, அதாவது அந்தக் கோடுகளின் வரிசையைப் படிக்கத் தெரிந்தவன் குண்டின் வரைபடத்தில் பாதியை வாங்கிக்கொண்டு போவான். எந்த நாடும் காட்டாது. பார்வையாளருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஒப்பந்தப்படி உரிமை இல்லை. ஆகவே நல்ல கருவியைச் செய்துவிட்டு, அதன் வாயைக் கட்ட வேண்டும். உள்ளே எல்லாம் அளக்கட்டும், வெளியே பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு. இதற்குத் தகவல் தடுப்பு என்று பெயர்.

நம் ஊர்ப் பெயர்களை யோசித்துப் பாருங்கள். நம் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிற பெலிண்டாபா என்றால் ஜூலு மொழியில் "பேச்சு முடிந்தது". பக்கத்திலேயே வலிண்டாபா, "பேச்சை மூடு". தகவல் தடுப்புக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

வாயைக் கட்டினால் அடுத்த சந்தேகம். விளக்கைப் பச்சையாக எரியவிட உள்ளே யாரோ ரகசிய ஸ்விட்ச் வைத்திருந்தால்? கருவி வீட்டுக்காரருடையது என்றால் விருந்தாளி நம்பமாட்டார், விருந்தாளியுடையது என்றால் உள்ளே ஒளித்து எடுத்துப் போவார் என்று வீட்டுக்காரர் பயப்படுவார். பிரிட்டனும் நார்வேயும் 2007இலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு பெட்டியைச் செய்து பார்த்தார்கள், நிஜக் குண்டுக்குப் பதில் கோபால்ட்-60 வைத்து ஒத்திகை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மோரிட்ஸ் குட், அலெக்சாண்டர் கிளேசர் இருவரும் 2019இல் இன்னும் விளையாட்டாக ஒன்று செய்தார்கள்: பழைய ஆப்பிள் கம்ப்யூட்டரின் 6502 சிப்பை எடுத்துக் கருவி கட்டினார்கள். 1975 சிப், சுமார் 3,500 டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றையும் பார்த்துவிடலாம். பிற்காலத்தில் குண்டு சோதிக்கப் போகிறது என்று 1975இல் எவனும் கனவு கண்டு அதில் கள்ள ஸ்விட்ச் வைத்திருக்க மாட்டான். என் அலமாரியில் கிடக்கிற பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்கிற வீட்டம்மாவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். பலன் இல்லை.

பிப்ரவரி 17

பார்க்காமலே ஒப்பிடுவது எப்படி என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இங்கேயே சொல்கிறேன்.

ஒரு அம்மா, இரண்டு மகள்கள், இரண்டு நகைப் பெட்டி. இரண்டிலும் சமமாகப் போட்டிருக்கிறேன் என்கிறார். எத்தனை பவுன் என்று மருமகன்களுக்குச் சொல்ல மாட்டார். பெட்டியில் 37 பவுன் என்று வையுங்கள். அம்மா இரண்டு சுருக்குப் பையில் 63 பவுன் எடைக்கு ஈயக்குண்டு போட்டு, வாயைக் கட்டிக் கொடுக்கிறார். எந்தப் பை எந்தப் பெட்டியோடு தராசில் ஏற வேண்டும் என்று மருமகன்கள் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இரண்டிலும் தராசு 100 காட்டினால் சமம், 37 யாருக்கும் தெரியாது. அம்மா ஒரு பெட்டியில் 30தான் வைத்து, ஒரு பையை 70 ஆக்கி ஈடு கட்டப் பார்த்தால்? சீட்டு மாறி விழுந்தால் ஒன்று 93, இன்னொன்று 107. தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதையே புதுப் பைகளோடு பத்து தடவை செய்தால் எல்லாத் தடவையும் தப்பிக்க ஆயிரத்தில் ஒன்று.

கிளேசர், பராக், கோல்ட்ஸ்டன் 2014இல் எழுதியது ஏறக்குறைய இதுதான். பவுனுக்குப் பதில் குண்டின் வழியாகப் பாய்ச்சிய நியூட்ரான், சுருக்குப் பைக்குப் பதில் நியூட்ரான் பட்டால் குமிழி விழுகிற, முன்கூட்டியே கொஞ்சம் குமிழி ஏற்றிவைத்த கருவிகள். குண்டு அசலோடு ஒத்தால் எல்லாக் கருவியும் ஒரே எண்ணைக் காட்டும், படம் எதுவும் தெரியாது. 2016இல் இரும்பு, அலுமினியக் கட்டிகளை வைத்துச் செய்தும் காட்டினார்கள்.

பிப்ரவரி 17, பத்து நிமிஷம் கழித்து

அக்கா வழக்கம்போல ஓட்டையில் விரலை விட்டுவிட்டார்: இரண்டு பெட்டியுமே கவரிங்காக இருந்தால்? ஆமாம், சமமாக இருக்கும். ஆகவே ஒப்பிடுவதற்கான முதல் பெட்டியை அம்மா கொண்டுவரக் கூடாது, மகள் கழுத்திலிருந்து எதிர்பாராமல் கழற்ற வேண்டும். குண்டு விஷயத்தில், நிறுத்திவைத்த ஏவுகணைகளில் ஒன்றை ஆய்வாளரே குலுக்கலில் எடுப்பது. கவரிங் குண்டோடு ஏவுகணையை யாரும் காவல் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

பிப்ரவரி 21

ஒரு வாரமாக மனதில் கிடந்ததை எழுதிவிடுகிறேன். இவ்வளவு கருவி பேசினோமே, நம் நாட்டு ஆறு குண்டுகளை எந்தக் கருவி சரிபார்த்தது?

எதுவும் இல்லை. சர்வதேச அணுசக்தி முகமை ஆட்கள் வருவதற்கு முன்பே குண்டுகளைப் பிரித்து, யுரேனியத்தை உருக்கிவிட்டார்கள். முழுக் குண்டை ஒரு ஆய்வாளரும் பார்க்கவில்லை. இருந்த யுரேனியத்தை அளந்தார்கள், அதற்குக் கருவி வேண்டும்தான், ஆனால் அது மட்டும்தானா, ஏழாவது குண்டுக்கோ எட்டாவதுக்கோ வேண்டியது எங்காவது மூலையில் இருக்கிறதா என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லாது. செறிவூட்டும் ஆலையின் அன்றாடக் குறிப்பேடுகளை வருஷக்கணக்கில் பின்னோக்கிப் புரட்டினார்கள். உள்ளே போனது எவ்வளவு, செறிந்து வந்தது எவ்வளவு, சக்கையாகப் போனது எவ்வளவு. கணக்கு முதலில் உதைத்தது, சக்கையைத் திரும்ப அளந்து நேராக்கினார்கள். கலகாரியில் வாஸ்ட்ராப் என்ற இடத்தில் சோதனைக்குத் தோண்டிய கிணறுகளை 1993இல் ஆய்வாளர்கள் முன்னால் கான்கிரீட் போட்டு மூடினார்கள். ஒரு குண்டையும் பார்க்காமல் ஒரு நாட்டை நம்பியது குமாஸ்தாக்கள் எழுதிவைத்த நோட்டை வைத்து.

அந்த யுரேனியத்தில் ஒரு பகுதி பெலிண்டாபாவில் உள்ள சஃபாரி-1 உலைக்குப் போனது. அங்கே மாலிப்டினம் செய்தார்கள், மாலிப்டினத்திலிருந்துதான் ஆஸ்பத்திரி டெக்னீசியம். முதல் நாள் எழுதின டிரைவர் ஞாபகம் வந்தது. குண்டின் வாரிசுதான் எங்கள் கேட்டில் சைரன் அடித்ததோ என்று ஒரு நிமிஷம் புல்லரித்தது. பிறகு யோசித்தால் 2009இலேயே உலை குறைந்த செறிவு எரிபொருளுக்கு மாறிவிட்டது, நான் இங்கே வந்ததே அதற்குப் பிறகு. ஆனால் மாலிப்டினம் எடுப்பது எரிபொருளிலிருந்து அல்ல, உலைக்குள் தனியாக வைக்கிற யுரேனியத் தகடுகளிலிருந்து, அவை மெல்ல மெல்லத்தான் மாறின. கதை ஒட்டுமா ஒட்டாதா என்று தெரியவில்லை. எந்த வருஷம் என்று பார்ப்போமே என்று நேற்று யார்டில் சைரன் பதிவு நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். தேதி, லாரி எண், அளவு, காரணம், கையெழுத்து, என் கையெழுத்துதான், பதினாலு வருஷம்.

டிரைவர் இல்லை. சிரித்துக்கொண்டிருந்ததில் எழுதவே இல்லை போலிருக்கிறது.